கடிக்காத செருப்பு

"கடிக்குதா மச்சான்?" என்று அன்னக்கொடி கேட்டாள்.

"எங்கிட்டுக் கடிக்க? பூ மேல நிக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லி, கருத்தக்கண்ணன் அடுப்படிக்கும் வாசலுக்கும் நாலு நடை நடந்து காட்டினான். கல்யாணத்தன்று கூட அவன் அவ்வளவு மிடுக்காக நடந்ததில்லை.

செருப்பு அவனே வீட்டில் உட்கார்ந்து செய்தது. ஒரு வருஷமாக எந்தக் கடைச் செருப்பைப் போட்டாலும் காலில் புண். குதிகாலில் ஒன்று ஆறினால் சுண்டுவிரலில் இன்னொன்று கிளம்பும். பச்சிலை அரைத்துக் கட்டிக் கட்டி அன்னக்கொடிக்கு அலுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே ஒரு தேமல் வேறு. அதற்கும் அவள்தான் சாறு பிழிந்து தடவ வேண்டும்.

"என் காலைப் பத்திக் கடைக்காரனுக்கு என்ன தெரியும்? எனக்கு நானே செஞ்சுக்கிறேன்" என்று ஒருநாள் கருத்தக்கண்ணன் கிளம்பிவிட்டான்.

பஸ்காரர்கள் கழித்துப் போட்ட டயரை வாங்கி வந்தான். தரையில் காலை வைத்துக் கரியால் கோடு இழுத்து, அந்த அளவுக்கு அறுத்தான். மேலே இலவம்பஞ்சைப் பரப்பி, பழைய சிவப்பு ஜமுக்காளத்தை மடித்துத் தைத்தான். டயரில் துளை போடக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சினான்.

"என்ன மச்சான், கருகுன வாடை அடிக்குது?" என்று அன்று அன்னக்கொடி கொல்லையிலிருந்து ஓடி வந்தாள்.

"டயரைச் சுட்டா மல்லியப்பூ வாடையா அடிக்கும்? போ புள்ள!" என்று அவன் சிரித்தான். ட்யூப்பை வாராக வெட்டி, சின்ன ஆணிகளால் இறுக்கி அடித்து முடித்தான்.

விளையாட்டாகத் தொடங்கியதுதான். ஆனால் மழை இரண்டு வருஷமாக ஏமாற்றிவிட்டது. கிணற்றில் தவளைக்குக் கூடத் தண்ணீர் இல்லை. கடல் தாண்டிக் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிறவன் இரண்டு தரம் வந்து விசாரித்துவிட்டுப் போனான். அன்னக்கொடிக்கு விளாங்குடியை விட்டுப் போக மனசே இல்லை. அப்போதுதான் தெற்கு வாசல் செருப்புக் கடை மீரா ராவுத்தர் ஒரு வாக்குக் கொடுத்தார்.

"புதுச் செருப்பைப் போட்டுக்கிட்டு விளாங்குடியில இருந்து என் கடைக்கு நடந்தே வாங்க. கால்ல ஒரு கொப்புளம் இல்லைன்னா, என் கடையிலேயே உக்காந்து தைங்க. செய்யிறதை எல்லாம் நான் வித்துத் தாரேன்."

நாலு மைல். விடிந்ததும் இருவரும் கிளம்பினார்கள். ராவுத்தருக்குக் காட்ட இன்னும் மூன்று ஜோடிகளைச் சாக்கில் கட்டி அன்னக்கொடி தலையில் வைத்துக்கொண்டாள். அரை மைலுக்கு ஒரு தரம், "கடிக்குதா?" என்று கேட்டாள்.

"நீதான் கடிக்கிற" என்றான் அவன்.

கடைக்குள் நுழைந்ததும் ராவுத்தர் எழுந்து வந்தார். "நொண்டாம கொள்ளாம வந்துட்டீங்களே! சபாஷ்!" என்றவர், தரையைப் பார்த்துவிட்டு நின்றார். "அது என்ன சிவப்பா?"

கருத்தக்கண்ணன் நடந்து வந்த வழியெல்லாம் இடது கால் மட்டும் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"ஜமுக்காளச் சாயம், ராவுத்தரே. வேர்வைக்கு இறங்கியிருக்கும்" என்று அன்னக்கொடி அவசரமாகச் சொன்னாள்.

ராவுத்தர் அவனை முக்காலியில் உட்கார வைத்து, செருப்பைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். சுருக்கென்று கையை இழுத்துக்கொண்டார். பஞ்சையும் ஜமுக்காளத்தையும் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி விரற்கடை நீளத்துக்கு நிமிர்ந்து நின்றது. கருத்தக்கண்ணனின் குதிகாலில் அதே அளவுக்கு ஒரு குழி. ரத்தம் இன்னும் நிற்கவில்லை.

போச்சு, இனிக் கண்டிச் சீமைதான் என்று அன்னக்கொடி நினைத்தாள். "ஒத்த ஆணிதான் ராவுத்தரே! மடிச்சு அடிச்சாச் சரியாப் போயிரும். மத்த மூணு ஜோடியையும் பாருங்க" என்று சாக்கை அவிழ்த்தாள்.

ராவுத்தர் சாக்கைப் பார்க்கவில்லை. "வர்ற வழியில எங்கிட்டு இருந்து குத்துச்சு?" என்று கேட்டார்.

"குத்துச்சா? குத்தியிருந்தா நாலு மைல் நடந்து வந்திருப்பேனா? வேணும்னா அந்த ஆணியோடயே திரும்பி விளாங்குடிக்கு நடந்து காட்டவா?" என்று கருத்தக்கண்ணன் ரோஷமாகக் கேட்டான்.

ராவுத்தரின் கண் அவன் முழங்காலுக்குக் கீழே போனது. "இந்தத் தேமல் எம்புட்டு நாளா இருக்கு தாயி?"

"அது கெடக்கு, ஒரு வருசமா. எதைத் தடவுனாலும் போக மாட்டேங்குது."

ராவுத்தர் தோல் தைக்கும் ஊசியை எடுத்துக்கொண்டு அவன் காலடியில் குந்தினார். "கருத்தக்கண்ணா, தெருவுல அந்த ரெட்டை மாட்டு வண்டி யாரு வண்டின்னு பாருங்க" என்றார். அவன் தலையைத் திருப்பியதும், ஊசி முனையைத் தேமலின் நடுவில் அழுத்தினார். ஒரு பொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது.

"கொண்டைக்காரர் வண்டியில்ல? மாடு புதுசு போல" என்று கருத்தக்கண்ணன் வேடிக்கை பார்த்துக்கொண்டே சொன்னான்.

அன்னக்கொடி சாக்கைப் போட்டுவிட்டு அவனுடைய வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கைக்குக் குறுக்கே, கம்பியின் கனத்துக்கு, தோல் கருகிச் சுருண்டிருந்தது. அன்று வீட்டில் அடித்தது டயர் வாடை இல்லை.