பழைய எண் பதினேழு

பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்குகிறான். கண்ணாடித் துண்டு இன்னும் வந்துகொண்டேயிருக்கிறது.

வீடு அவனுடையது அல்ல. மூன்று வீடு தள்ளி இருக்கும் ஜெபமணி அண்ணாச்சியுடையது.

அண்ணாச்சி கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் நான்கு தையலோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். துடைப்பம் பக்கத்தில் வரும்போதெல்லாம் பிள்ளை மாதிரி காலைத் தூக்கிக்கொள்கிறார்.

நேற்று மாலை நான்கு பைக்குகள் வந்தன. மூன்று கல் ஜன்னலுக்கு. நாலாவது அவருக்கு.

போலீஸ் வந்தது. இந்தத் தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்களா என்று கேட்டது. போய்விட்டது.

“ஒம் பேரச் சொல்லித்தாம்டே கேட்டானுவ. அப்பிடி ஆரும் இங்க இல்லன்னுட்டேன். நீ ஒஞ் சோலியப் பாரு.”

அவனால் நிமிர முடியவில்லை.

கல் எதற்கு என்று அவனுக்குத் தெரியும்.

தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியில் ‘சுத்தம் செய்த நாள்’ என்று எழுதியிருக்கும். மாதம் தவறாமல் தேதி மாறும். மேலே ஏறும் ஏணியோ முறிந்து விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. இரண்டையும் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டான். ‘தொட்டியைக் கழுவுவதில்லை, தேதியை மட்டும் கழுவி எழுதுகிறார்கள்’ என்று கீழே ஒரு வரி.

யார் பெயரும் இல்லை. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. தொட்டிக்குப் பொறுப்பான இந்த வார்டு கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டவன் என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தான். ஓட்டுப் போட்டவனுக்குக் கேட்க உரிமை உண்டு என்று நினைத்த மடையன்.

கல் எதற்கு என்பது சரி. அது ஏன் பதினேழாம் எண் வீட்டுக்குப் போனது?

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தபோது அதுவும் தெரிந்தது.

வாக்காளர் பட்டியல் வெறும் படமாகத்தான் வெளிவரும். தேட முடியாது. அதைப் படித்து அட்டவணையாக்கித் தரும் ஒரு மென்பொருளை அவன் எழுதியிருந்தான். பெயர் விடுபட்டுப்போனவர்கள் தேடிப் பார்க்கட்டும் என்று. எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள். கட்டற்ற மென்பொருள். உரிமத்தில் அவனே தமிழில் எழுதிச் சேர்த்த வரி: யார் வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

அந்த வரியில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்த மென்பொருளின் பிழை சொல்லும் பக்கத்தில் புதிதாக ஒன்று வந்திருந்தது.

‘ஐயா, வணக்கம். தங்கள் மென்பொருளால் எங்கள் வட்டத்தில் வேலை சுலபமாகிவிட்டது. ஒரு சந்தேகம். கீழே உள்ளவருக்கு வீட்டு எண் 17 என்று காட்டுகிறது. 17இல் இருக்கும் பெரியவர் அப்படி யாரும் இல்லை என்கிறார். அவர் பொய் சொல்கிறாரா, மென்பொருளில் தவறா? மாலைக்குள் தெரிந்தால் நல்லது.’

கீழே இருந்தது அவன் பெயர். அவன் அப்பா பெயர். வயது நாற்பத்தொன்று.

மென்பொருளை அவன் புனைபெயரில் வெளியிட்டிருந்தான். யாரிடம் கேட்கிறோம் என்று கேட்டவனுக்குத் தெரியாது.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இவன் ஊருக்கே இலவசமாகக் கொடுத்து வைத்துக்கொண்டான்.

பட்டியலைப் பிரித்தான். அவன் பெயருக்கு நேரே 17/23. பழைய எண், புதிய எண். மென்பொருள் முதலில் இருப்பதை எடுத்துக்கொண்டு கோட்டுக்கு அப்புறம் உள்ளதை விட்டுவிட்டது. அண்ணாச்சி வீட்டுக்குப் புதிய எண் பதினேழு.

அவன் எழுதிய பிழை. அவர் நெற்றியில் நான்கு தையல்.

தன் பெயர் மட்டும் அட்டவணையில் விழாமல் செய்துவிடலாம். ஒரே ஒரு வரி போதும். விரல்கள் அதை அடித்தும் விட்டன.

ஆனால் பதினேழு என்பது ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. அப்புறம் அண்ணாச்சிதான் பொய் சொன்னவர் ஆவார். மாலையில் மறுபடி வருவார்கள்.

அழித்தான்.

பிழையைத் திருத்தப் பத்து நிமிடம் ஆனது. தன் பெயரைப் போட்டே சோதித்தான். 23 என்று வந்தது. வெளியிட்டான்.

பதிலும் எழுதினான். ‘பெரியவர் சொன்னது உண்மை. அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தவறு மென்பொருளில். 17 பழைய எண். புதிய எண் 23. திருத்தப்பட்டது. சுட்டிக்காட்டியதற்கு நன்றி.’

நன்றியை அழிக்கலாமா என்று பார்த்தான். வழக்கமாக எழுதுவதுதான். இருக்கட்டும் என்று விட்டான்.

மனைவிக்குப் போன் செய்தான். இன்றைக்கு அம்மா வீட்டிலேயே இரு என்றான். ஏன் என்றாள்.

“தண்ணி வரல.”

போனை வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. ‘உடனடி உதவிக்கு நன்றி ஐயா. உங்கள் சேவை தொடரட்டும்.’ கூப்பிய கைகள் இரண்டு ஜோடி.

வாசலுக்கு வந்தான்.

நகராட்சி அடித்த எண் தகடு தேர்தல் ஸ்டிக்கருக்கு அடியில் இருந்தது. கவுன்சிலர் அதில் சிரித்துக்கொண்டிருந்தார். ‘உங்கள் வீட்டுப் பிள்ளை.’ ஒட்ட வந்தவர்களிடம், சுவரில் வேண்டாம், தகட்டின் மேலேயே ஒட்டுங்கள், நன்றாகத் தெரியும் என்று இடம் காட்டியது இவன்தான்.

நகத்தால் சுரண்டினான். வரவில்லை. உள்ளே போய்க் காய் நறுக்கும் கத்தியை எடுத்துவந்தான்.

முதலில் இரண்டு தெரிந்தது. பிறகு மூன்று.

ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, தெருவில் இறங்கி, ஜெபமணி அண்ணாச்சி வீட்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான்.

இங்கிருந்தே படிக்க முடிந்தது.