இன்னொரு வெள்ளிக்கிழமை

"மறுபடியும் தள்ளிட்டீங்களா?"

இயக்குநர் கதவைத் தட்டிவிட்டு வரும் மனநிலையில் இல்லை. நேராக உள்ளே வந்து மேஜைக்கு முன்னால் நின்றான்.

"உட்காருப்பா," என்றார் தயாரிப்பாளர், தலையைத் தூக்காமலே.

"அதான் ஒரேயடியா உட்கார வெச்சுட்டீங்களே சார்! முதல் தடவை பெரிய ஹீரோ படம் வருதுன்னீங்க, சரின்னேன். அடுத்து பரீட்சை நேரம்னீங்க, அதுக்கும் தலையாட்டினேன். இப்ப என்ன?"

"அதே வெள்ளிக்கிழமை வேற ரெண்டு படம் வருது. நமக்கு நல்ல தியேட்டர் கிடைக்காது. காலைக் காட்சியை மட்டும் நம்ம தலையில கட்டிட்டு, சாயங்காலக் காட்சியை அவங்களுக்குக் கொடுத்துடுவாங்க."

"அந்த ரெண்டும் நம்மளை விடச் சின்னப் படம் சார்!"

தயாரிப்பாளர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். சினிமாக்காரர்களுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் உண்டு. அது வெள்ளிக்கிழமை. அந்தக் காலண்டரின் வெள்ளிக்கிழமைகளில் எல்லாம் யார் யார் படத்தின் பெயரோ எழுதியிருந்தது. இவர்கள் படத்தின் பெயர் மட்டும் எழுதி எழுதி அடிக்கப்பட்டிருந்தது.

"அடுத்த மாசம் கடைசி வெள்ளி. கண்டிப்பா வந்துடும்."

"பெட்டியில தூங்குற படம்னு ஊரே சிரிக்குது சார். இது வந்து ஓடினாத்தான் எனக்கு அடுத்த படம்னு ஒருத்தர் சொல்லியிருக்கார். அவரும் எவ்வளவு நாள்தான் காத்துக்கிட்டு இருப்பார்? சரி, என்னை விடுங்க. நம்ம கத்திரி அண்ணனை நினைச்சுப் பார்த்தீங்களா?"

கத்திரி என்பது எடிட்டருக்கு யூனிட் வைத்த பெயர். எவ்வளவு அழகான காட்சியாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடுவார். இந்தப் படத்தை முடித்துக் கொடுத்த கையோடு படுத்தவர், இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

"ஜனங்களோட உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்துட்டுத்தான் போவேன்னு அந்த மனுஷன் உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கார். அவர் ஆசையிலயும் மண்ணைப் போடுறீங்களே! நெஞ்சுல கொஞ்சமாவது ஈரம் இருக்கா சார் உங்களுக்கு?"

தயாரிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போய் அவனைப் பாரு. நீ வந்து ரொம்ப நாளாச்சுன்னு சொன்னான்."

இயக்குநருக்குச் சுருக்கென்றது. விடுவிடுவென்று வெளியே வந்துவிட்டான்.

ஆஸ்பத்திரி அறையில் கத்திரி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். எதிர்ச் சுவரில் படத்தின் போஸ்டர். அதில் ரிலீஸ் தேதி, கட்டிலிலிருந்து பார்த்தாலே தெரியும் அளவுக்குப் பெரிதாக இருந்தது.

"அண்ணே... அந்தத் தேதி..."

"தள்ளிப் போச்சா?" அவர் முகம் வாடியது. "எப்பவாம்?"

"அடுத்த மாசக் கடைசின்னு சொல்றாங்க."

"அடப்பாவிகளா! அப்ப அது வரைக்கும் இருந்தாகணுமே." மனைவியிடம் திரும்பினார். "ஏம்மா, சாப்பிட ஏதாவது கொடு. வெறும் வயித்தோட எப்படி அவ்வளவு நாள் தள்ளுறது?"

அண்ணி ஊட்டினாள். இரண்டு வாய் உள்ளே போனதும் கத்திரிக்குப் பேச்சு வந்தது.

"அந்த லிப்ட் காட்சியை நான் சட்டுனு வெட்டினதுக்கு நீ சண்டைக்கு வந்தியே, ஞாபகம் இருக்கா? அந்த இடத்துல ஜனங்க சிரிப்பாங்க பாரு. அந்தச் சிரிப்பை மட்டும் காதால கேட்டுட்டா போதும்டா. என் வேலை முடிஞ்சுது, நிம்மதியா கிளம்பிடுவேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப் போனார்.

வராந்தாவுக்கு வந்ததும் இயக்குநர் பொருமினான். "இந்த மனுஷனை இப்படிக் காக்க வெக்கிறாரே! அந்த ஆளை நான் சும்மா விடப்போறதில்லை அண்ணி."

"அவரைத் திட்டாதீங்க தம்பி," என்றாள் அண்ணி. "தள்ளிப் போடச் சொன்னதே நான்தான்."

அவன் விழித்தான்.

"முதல் தேதி நெருங்க நெருங்க இவர் சாப்பாட்டை விட்டுட்டார். தியேட்டருக்குப் போட்டுக்கச் சட்டையை எடுத்து வெச்சுட்டு, பார்த்துட்டா கிளம்பிடலாம், கிளம்பிடலாம்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தார். இந்த வாரம் தாண்டாதுன்னு டாக்டரும் சொல்லிட்டார். எனக்கு வேற வழி தெரியலை, ஓடிப்போய் முதலாளி கால்ல விழுந்தேன். தேதி தள்ளிப் போச்சுன்னு சொன்னதும் எழுந்து உட்கார்ந்து சாப்பாடு கேட்டார் தம்பி. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்."

"அப்ப அவர் படத்தைப் பார்க்கவே போறதில்லையா?"

"அவர் பார்க்கணும்னு எனக்கு ஆசை இருக்காதா? ஆனா பார்த்துட்டா, அப்புறம் எதுக்காக இருப்பார்?"

இயக்குநர் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"முதலாளி தினமும் வந்து பார்க்கிறார். யாருக்கும் சொல்லாதேம்மா, இவன் காதுக்குப் போயிடும்னார். ஆனா இதுக்கு மேல தள்ள முடியாதுன்னுட்டார். 'அந்தப் பையன் வயித்துல அடிச்ச வரைக்கும் போதும், இனிமே என் மனசு கேட்காது'ன்னார். நியாயம்தானே? உங்க படம் வந்துடும் தம்பி, கவலைப்படாதீங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

இயக்குநர் படிக்கட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அடுத்த படம் தருவதாகச் சொன்னவரின் முகம் வந்து வந்து போனது. நெஞ்சில் ஈரம் இருக்கிறதா என்று காலையில் தான் கேட்டதை நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுது முடித்துவிட்டுத் தயாரிப்பாளருக்குப் போன் போட்டான்.

"என்னப்பா, இன்னும் திட்ட வேண்டியது பாக்கி இருக்கா?"

"இல்ல சார். நமக்கு அந்தக் கடைசி வெள்ளியும் வேண்டாம். அன்னிக்கும் ஏதோ பெரிய படம் வருதுன்னு சொல்லிடுங்க."