செலின் மேரியின் இருமல்

எழுபத்தாறாம் வருஷம், தவக்காலத்துக்கு முந்திய வாரம். மாதா கோயில் தாழ்வாரத்தில் ஐந்து பேர் இருந்தார்கள்: ஜீப்பில் வந்த டாக்டரம்மா கஸ்தூரி, மரியசுந்தரம், அவர் மருமகள் செலின் மேரி, அவளைப் பெற்ற பிலவேந்திரன், கூப்பிடாமலே வந்த பக்கத்து வீட்டு அல்போன்சா. செலின் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

வில்லியனூர் வட்டாரத்தில் நெடுநாள் இருமல்காரர்களின் பேரைப் பதிந்து, வருஷா வருஷம் மூச்சைச் சோதித்து ஆராய்வது டாக்டரம்மாவின் வேலை. பேர் ஏறிவிட்டால் ஜீப் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கும். ஊருக்கும் தெரிந்துவிடும்.

"ராவெல்லாம் இவங்க வூட்ல இருமல் தாங்கல டாக்டரம்மா. எங்க செவுரே அதிருது," என்றாள் அல்போன்சா.

டாக்டரம்மா தீக்குச்சியைக் கிழித்து எட்டப் பிடித்தாள். "வாயைத் திறந்தபடியே ஊதும்மா. நெஞ்சு நல்லா இருந்தா அணைஞ்சிடும்."

செலின் மூச்சை அடக்கி மெல்ல ஊதினாள். சுடர் ஆடியது, அணையவில்லை.

"எத்தனை வருஷமா இருமல்?"

செலின் மாமனாரைப் பார்த்தாள்.

"ரெண்டு," என்றார் மரியசுந்தரம், தரையைப் பார்த்தபடி.

பெரிய வெள்ளிக்கிழமையில் ஆண்டவரின் பாடுகளைப் பாடுவது மூன்று தலைமுறையாக அவர் குடும்பத்து உரிமை. போன வருஷம் பாதியில் அவருக்குக் குரல் அடைத்து நின்றுவிட்டது. பக்தியில் தொண்டை அடைத்ததென்று ஊரே சேர்ந்து அழுதது. அப்பேர்ப்பட்ட வீட்டில் சீக்கா என்று கேட்டவர்களுக்கு, "மருமவ தான் இருமுது" என்று முதலில் சொன்ன வாயும் அவருடையதுதான். அன்றிலிருந்து செலினின் முகத்தை அவர் நேராகப் பார்த்ததில்லை.

பிலவேந்திரன் கை கூப்பினார். "பேரை எழுதாதீங்கம்மா. சின்னவ கல்யாணத்துக்குக் கோயில்ல மொத ஓலை படிச்சாச்சு. அக்காளுக்கு நெஞ்சு சீக்குன்னா மாப்ள வூட்ல நிறுத்திடுவாங்க."

"இது ஒட்டுற நோய் இல்லைங்க."

"அத்த நீங்களே நெட்டப்பாக்கத்துல மாப்ள வூட்டுக்கு வந்து சொல்லுங்க!"

"நானா கெளப்பினேன்? ஊரே சொல்லுது," என்று முணுமுணுத்தாள் அல்போன்சா.

டாக்டரம்மா பேனாவைத் திறந்தாள். பிலவேந்திரன் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மரியசுந்தரத்தின் முன் நின்றார்.

"சம்பந்தி, ஒரு வார்த்த சொல்லுங்க. உங்க வாயில வந்தா ஊரு நம்பும்."

மரியசுந்தரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பெற்றவன் தன் முன் இப்படிக் கூனி நிற்பதை அவரால் பார்க்க முடியவில்லை.

"வேணாம் மாமா," என்றாள் செலின், மெதுவாக.

அவர் தூணைப் பிடித்து எழுந்தார். முதுகு மட்டும் நிமிர்ந்தே இருந்தது.

"எம்மருமவளுக்கு ஒரு சீக்கும் இல்ல. எங்க வூட்ல இருமுறது நானு."