ஆபத்தில்லாத வேலை

"லாரி வேலை வேண்டவே வேண்டாம். ரோட்டுல ஏதாவது ஆயிட்டா, நான் தனியா நிக்கணுமா?"

"ஸ்கூல் வேனுக்குத் தர்றதைவிட ரெண்டு மடங்கு சம்பளம். வண்டியும் புதுசு."

"யாருக்கு வேணும்? என் ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழே நாற்காலி. எந்த லாரி வந்து மோதப்போகுது?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. லாரி வேலைக்குப் போவதில்லை என்று முடிவாயிற்று. அவரவர் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

அன்று மதியம், அந்த நாற்காலியிலேயே மாரடைப்பு. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடுத்த மாதம் லாரி கம்பெனி மேனேஜர் கேட்டார்: "வீட்டுக்காரர் பயப்படுறார்னு சொன்னீங்களே, இப்ப சம்மதிச்சிட்டாராம்மா?"

அவள் தன் லைசென்ஸை மேஜைமேல் வைத்தாள்.

"பயப்பட இப்ப ஆளில்லைங்க, சார்."

மேனேஜர் லைசென்ஸை எடுத்துப் பார்த்தார். வேலை இன்னும் காலியாகத்தான் இருந்தது.