படம் நாடகம் மாதிரி ஓடுது

“உங்க டிவி மறுபடியும் புத்தியக் காட்டிருச்சு. வந்து என்னன்னு பாருங்க” என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் போனை வைத்துவிட்டாள் சம்பந்தியம்மாள் ஜன்னத்.

தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சேக் பரீத்துக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஒரே மகள் முபீனாவைக் குமுளி போகும் வழியிலுள்ள கூடலூரில் கட்டிக்கொடுத்தபோது, தாயில்லாமல் வளர்ந்த பிள்ளைக்கு எதிலும் குறை வரக்கூடாது என்று பெரிய எல்சிடி டிவியாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தார். அது அங்கே போய் இறங்கிய நாளிலிருந்து தலைவலிதான்.

“படத்துல வர்றவுக எல்லாம் டிவி நாடகம் மாதிரி வழவழன்னு நடக்குறாக. சண்டையப் பாத்தா பக்கத்து வீட்டுச் சண்டையப் பாக்குற மாதிரி இருக்கு. சினிமா மாதிரியே இல்ல.” இதுதான் ஜன்னத்தின் புகார்.

முதல் தடவையே டிவி கடை மெக்கானிக் விளக்கிச் சொல்லியிருந்தார். “சினிமான்னா நொடிக்கு இருபத்துநாலு படம்தான் பாய். இந்த டிவி அதுக்கு நடுவுல தானாப் படம் செஞ்சு சொருகி ஓட்டுது. கிரிக்கெட்டுக்கு நல்லாருக்கும், சினிமாவுக்கு ஆகாது. மெனுவுல மோஷன்னு ஒண்ணு இருக்கும், அதை ஆஃப் பண்ணிருங்க.”

அவரும் போய் ஆஃப் செய்துவிட்டு வந்தார். ஒரு வாரம் தாண்டவில்லை, மறுபடி போன். மறுபடி குமுளி பஸ். மறுபடி அதே மெனு.

பெண் கொடுத்த வீட்டில் அடிக்கடி போய் நிற்பது அவருக்கு ஆகாத காரியம். சும்மா வந்து போங்க என்று அவர்கள் கூப்பிட்டபோதெல்லாம், “அது மரியாதையா இருக்காதுங்க” என்று நழுவியவர். இப்போது ஒரு ரிமோட்டுக்காக அந்த வீட்டுப் படியை ஓயாமல் ஏற வேண்டியிருந்தது.

போன இடத்திலும் நிம்மதி இல்லை. மருமகன் ரபீக் ஏலக்காய் லோடு ஏற்றிக்கொண்டு கொச்சிப் பக்கம் போனால் லேசில் திரும்பமாட்டான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முபீனா அத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கடைக்கு வந்தவர் போனவர் கதையெல்லாம் கேட்டுச் சிரிப்பாள். “மாமி, இன்னும் கொஞ்சம் சோறு” என்று தட்டை நீட்டுவாள்.

ஜன்னத் சோற்றைப் போட்டுவிட்டு அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பரீத் பாதிச் சோற்றோடு கை கழுவிவிடுவார். என் பிள்ளை தின்பதைக்கூடவா கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பது?

இந்தத் தடவை பஸ் ஏறுவதற்கு முன் டிவி கடைக்குப் போய்ச் சத்தம் போட்டார். மெக்கானிக் சிரித்துவிட்டார். “பாய், ஒருதடவை ஆஃப் பண்ணிட்டா அது தானா மாறாது. வீட்டுல யாரோ திரும்ப ஆன் பண்ணுறாக.”

சின்னமனூர் தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே எதுவும் அவர் கண்ணில் படவில்லை. மருமகன் லோடுக்குப் போய்விட்டால் வீட்டில் இருப்பதே இரண்டு பேர். முபீனா இப்படிச் செய்யமாட்டாள். அப்படியென்றால் வேண்டுமென்றே தன்னை அலைய வைக்கிறாள் அந்த அம்மாள். கொடுத்த சீரைக் குறை சொல்லிச் சொல்லித் தலைகுனிய வைக்கிறாள்.

என்னையே இந்தப் பாடு படுத்துகிறவள், கூடவே இருக்கிற பிள்ளையை என்ன பாடு படுத்துவாள்? போனில் கேட்டால் “நல்லாருக்கேன்த்தா” என்பதற்குமேல் முபீனா வாயைத் திறப்பதில்லை. பஸ் கூடலூரில் நின்றபோது, டிவியோடு மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று அவர் முடிவே செய்திருந்தார்.

“அத்தா!” வாசலுக்கே ஓடிவந்தாள் முபீனா. கன்னம் ஒட்டிப்போய், கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது.

“என்னம்மா இப்படி மெலிஞ்சுட்ட?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லத்தா. உக்காருங்க, டீ போட்டுட்டு வாரேன்” என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பரீத் உட்காரவில்லை. நேரே டிவியிடம் போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

“என்னண்ணே பண்றீக?” என்று பதறி வந்தாள் ஜன்னத்.

“டிவியத் தூக்கிட்டுப் போறேன். எம்மகளையும் கூட்டிட்டுப் போறேன். அது தானா மாறாதாம்ல, கடையில சொல்லிட்டாக. யாரு மாத்துறது?”

ஜன்னத் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நான்தான். நீங்க ஆஃப் பண்ணும்போது பின்னாடி நின்னு பாத்துக்கிட்டேன்.”

“அப்படி எம்மேல என்னம்மா வஞ்சம் உங்களுக்கு?”

“ஒரு வஞ்சமும் இல்ல. சும்மா வாங்க, வாங்கன்னு எத்தனை தடவை கூப்பிட்டேன். வந்தீகளா?” முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் ஜன்னத்.

“நான் வந்து என்ன ஆகப்போகுது?”

“நீங்க வர்ற அன்னைக்கு மட்டுந்தான்ண்ணே அவ வயிறாரச் சாப்பிடுறா.”