பூட்டோடு எடுத்துப் போனவர்கள்

"வலிச்சா சொல்லும்மா" என்று பிசியோதெரபிஸ்ட் அந்தப் பெண்ணின் தோளை மெல்லப் பின்னுக்கு வளைத்தாள்.

குப்புறப் படுத்திருந்தவளுக்குக் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றில் வேலை. கொஞ்ச நாளாக வீடு வாசல் மறந்து உட்கார்ந்ததில் தோள் கல்லாக இறுகியிருந்தது.

குவாண்டம் கம்ப்யூட்டர் என்று ஒன்று வந்துவிட்டதாம். பழைய ரகசியப் பூட்டெல்லாம் அதற்குத் தூசாம். வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆளுக்கு ஆள் அனுப்பும் செய்திகளுக்கும் இரவு பகலாகப் புதுப் பூட்டு மாட்டுகிறார்களாம்.

"அப்ப இனி பயமில்லைன்னு சொல்லு."

"இனி அனுப்புறதுக்கு பயமில்லக்கா. முன்னாடி அனுப்பினதைத்தான் திருட்டுப் பசங்க அப்பவே காப்பி எடுத்துட்டாங்களே. திறக்க முடியலைன்னாலும் பூட்டோட எடுத்து வெச்சுக்கிட்டாங்க. போன வாரம் எல்லாத்தையும் திறந்து வெளிய கொட்டிட்டாங்க. பேரைப் போட்டுத் தேடினா போதும்."

பிசியோதெரபிஸ்டின் கட்டைவிரல் நின்றது. பிறகு மறுபடி அழுத்தியது.

செய்தியை அழித்துவிட்டால் போச்சு என்றுதான் பிசியோதெரபிஸ்ட் இத்தனை வருடமும் இருந்தாள். அவள் அழித்தாள். அவளுடைய அக்காவும் அழித்தாள். அக்கா போய்ச் சேர்ந்தும் வருடங்கள் ஆகிவிட்டன.

கணவனிடம் அடிபட்டு வீங்கிய முகத்தோடு ஓடிவந்த நாளில் அக்காவுக்கு அனுப்பியது ஒரே ஒரு செய்தி. எந்த ஊர், எந்த கிளினிக், இனி என்ன பேர் எல்லாம் அதில் இருந்தது.

அந்தச் செய்தி எங்கோ ஒரு மூலையில், மூச்சுக் காட்டாமல், வயதாகாமல் கிடந்திருக்கிறது.

கதவு லேசாகத் திறந்தது. வரவேற்பில் இருக்கும் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, யாரோ வந்து ஒரு பேரைச் சொல்லி இங்க இருக்காங்களான்னு கேட்டாங்க. அப்படி யாரும் இல்லையேன்னேன். வெளிய போயிட்டாங்க."

என்ன பேர் என்று இவள் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

பெற்றவள் வைத்த பேர். இந்த ஊரில் அது காதில் விழுவது இதுதான் முதல் தடவை.

அவன்தான். வேறு யார்?

"இதோ வந்துடறேம்மா" என்று தோளிலிருந்து கையை எடுத்தாள். பையை மாட்டிக்கொண்டாள். துவைத்த துண்டுகள் காயும் நடையைத் தாண்டி, சத்தமில்லாமல் பின்கதவைத் திறந்தாள்.

வெளியே ஓர் இளம்பெண் நின்றிருந்தாள்.

"பின்பக்கமாத்தான் போவீங்கன்னு தெரியும்."

குரலில் கோபமில்லை. கையிலிருந்த போனைத் திருப்பிக் காட்டினாள்.

அந்தச் செய்திதான். ஓர் எழுத்து குறையாமல் இருந்தது. ஊர், கிளினிக், பேர். அதற்கும் கீழே, இத்தனை வருடமாக இவள் தனக்குள்கூடச் சொல்லிப் பார்க்காத கடைசி வரி.

'பாப்பா தூங்கிட்டிருந்தா. எழுப்பல.'

"நான் தூங்கல" என்றாள் அந்தப் பெண்.