வடுமாங்காய்ப் பெட்டி லண்டன் போன கதை

நைலான் கயிறு சுற்றி, நாலு பக்கமும் 'செண்பகவல்லி, லண்டன்' என்று எழுதிய அட்டைப்பெட்டிக்கு அதுதான் முதல் விமானப் பயணம். உள்ளே வடுமாங்காய். வழியில் சிந்தினால் மானம் போய்விடும்.

"எவ்வளவு தூரம் அண்ணே?" என்று விமானத்தின் இருட்டறையில் பக்கத்துச் சூட்கேஸைக் கேட்டது.

"எட்டாயிரம் கிலோமீட்டர், பத்தரை மணி நேரம். எனக்கு இது பதினேழாவது தடவை. பேசாமல் படு."

பெட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. ஆட்டமில்லை, அசைவில்லை. வண்டி இன்னும் கிளம்பவே இல்லை என்று நினைத்துக்கொண்டது.

கடைசியில் கதவு திறந்தது. ஆட்கள் இரண்டையும் இறக்கி, ஓடுகிற ரப்பர் பட்டையில் போட்டார்கள்.

"அப்பாடா, கிளம்பிட்டோம் அண்ணே," என்றது பெட்டி. சூட்கேஸ் வாய் திறப்பதற்குள் யாரோ அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பெட்டி தனியாகச் சுற்றியது. அதே தூண், அதே விளம்பரப் பலகை திரும்பத் திரும்ப வந்தன. வழியில் எல்லா ஊரும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று வியந்தது. நாற்பதாவது சுற்றில் செண்பகவல்லி வந்து தூக்கினாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

லண்டன் வந்த பூரிப்பில் பெட்டிக்குச் சூட்கேஸின் ஞாபகம் வந்தது. பாவம் அண்ணன், பதினேழு தடவை கிளம்பியும் ஊர் போய்ச் சேரவே இல்லை.